எந்தக் குழுவுக்கும் அனுப்பாத ஜாதகம்

29 ஜனவரி 2024, திங்கள்

தை பிறந்தால் எனக்குக் கை ஓயாது. இன்றைக்கு மட்டும் பதினோரு ஜாதகம். நெல்லை தென்காசிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, தூத்துக்குடி கோவில்பட்டிக்கு ஒன்று, வெளியூர் வெளிநாட்டுக்கு ஒன்று. மூன்றிலும் சேர்த்து மூவாயிரம் பேருக்குப் பக்கம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். நான் ஒரு பொய் சொல்லாமல், யாரிடமும் கமிஷன் வாங்காமல், ஆறு வருஷத்தில் அறுபத்து மூன்று நடத்தி வைத்திருக்கிறேன். "அறுபத்து மூவர் ஆயாச்சுல்லா, இனிமே ஒன்னையும் கோயில்ல நிறுத்திர வேண்டியதுதான்" என்கிறார் இவர். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றதிலிருந்து என்னைக் கேலி பேசுவதுதான் இவருக்கு முழுநேர உத்தியோகம்.

மத்தியானம் கோவில்பட்டியிலிருந்து சண்முகத்தாய் என்று ஓர் அம்மா வந்தாள். மகள் மாரிச்செல்விக்கு இருபத்தெட்டு வயது. இங்கே பாளையங்கோட்டையில் நர்ஸ். கட்டிக்கொடுத்த இடம் சரியில்லை. ஒரு நாள் புருஷன் அடித்த அடியில் தாடை எலும்பு விட்டுப்போய், கோர்ட்டுக்குப் போய்த் தீர்த்துக்கொண்டு வந்தாகிவிட்டது. இப்போது மறுமணம் பார்க்கிறார்கள்.

என் படிவத்தில் எல்லாம் இருக்கும். பிறந்த தேதி, நேரம், ஆஸ்பத்திரி, தாய்மாமன் பெயர், வேலை பார்க்கும் இடம், வேலை நேரம், தங்கியிருக்கும் இடம். முகவரி இல்லாத ஜாதகம் மொட்டைக் கடுதாசிக்குச் சமம், எவன் நம்புவான்? சண்முகத்தாயே ஹாஸ்டல் பெயர், பெருமாள்புரத்தில் எந்தத் தெரு, அறை எண் 14 எல்லாம் சொல்லிவிட்டாள். எழுதி, மூன்று குழுவிலும் போட்டேன்.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் துபாயிலிருந்து விசாரிப்பு வந்துவிட்டது. அம்மாடி! கடலைத் தாண்ட அந்த ஒரு தாளுக்கு இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு மேல் எல்லாம் புல்லரித்துப்போனது.

31 ஜனவரி, புதன்

இட்லிக்கு அரைத்தேன். முத்தாரம் ஜெராக்ஸில் பன்னிரண்டு ஜாதகம் பிரிண்ட் எடுத்தேன். கடைக்காரன் பால்துரை தங்கமான பையன். நாற்பது வயசு இருக்கும், எனக்குப் பையன்தான். போன மாதமே என் போனை வாங்கி அவன் கம்ப்யூட்டரோடு சேர்த்துவிட்டான். ஒவ்வொன்றாக நான் அனுப்பிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, போனதும் பிரிண்ட் தயார்.

6 பிப்ரவரி, செவ்வாய்

காலையில் கதவைத் தட்டியது மாரிச்செல்வி. போட்டோவில் பார்த்த முகம், ஆனால் சிரிப்பு இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. போனை நீட்டினாள்.

நான் எழுதிய ஜாதகம். என் படிவம். அறை எண் 14ஐச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம். கீழே, "நல்லா இருக்கியா? பதினாலாம் நம்பர்ல காத்து வருதா?"

"யாரு இது?"

"அந்த ஆளுதான், பெரியம்மா. இன்னைக்கு டூட்டிக்குக் கெளம்பி வெளிய வாறேன், ஹாஸ்டலுக்கு எதுத்த டீக்கடையில நின்னு டீ குடிக்கான். ஒண்ணும் பேசல. கையத் தூக்கிக் காட்டுனான். அவ்வளவுதான்."

அவனுக்கு எப்படிப் போச்சு, என் குழுவில் இருப்பவர்கள் எல்லாம் குடும்பஸ்தர்கள் என்று ஏதேதோ சொன்னேன்.

"ரெண்டு வருசமா அவனுக்கு நான் எந்த ஊருன்னே தெரியாது, பெரியம்மா. நம்பர மாத்தினேன். போட்டோ ஒண்ணு எங்கயும் போட்டதில்ல. அம்மா மொதல்ல முகவரி தரமாட்டேன்னுதான் சொன்னாவளாம். முகவரி இல்லாட்டிப் போடவே மாட்டேன்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

எனக்கு அப்படிச் சொன்னதாக நினைவில்லை.

ரெண்டு வருஷம் ஓர் ஆள், இத்தனை ஜனத்துக்கு நடுவில், தன் சுவடே தெரியாமல் இருந்திருக்கிறாள். அதை நான் ஒரு மத்தியானத்தில் கலைத்தேன். இல்லை, யாரோ கலைத்தார்கள். யார் என்று பார்க்க வேண்டும்.

8 பிப்ரவரி, வியாழன்

செல்வி போலீஸில் எழுதிக்கொடுத்தாள். அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். "நானும் ரெண்டாங்கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கேன். ஒரு ஜாதக மையத்துல மறுமணப் பொண்ணுக ஜாதகம்னு ஒரு கட்டு அனுப்பினாவ. அதுல இவளும் இருந்தா, நான் என்ன செய்ய?" என்றிருக்கிறான். அனுப்பிய நம்பர் அணைந்து கிடக்கிறது. இனிமேல் அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

சண்முகத்தாய்க்குப் போன் போட்டு, நீ சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினாயா, எவன் கையில் கொடுத்தாய் என்று நன்றாகக் கேட்டுவிட்டேன். அவள் அழுதாள். அழுதால் ஆச்சா? பெற்றவளுக்கு ஜாக்கிரதை வேண்டாமா?

இன்றைக்கு ரசத்தில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். இவர் மோர் ஊற்றிக்கொண்டார்.

10 பிப்ரவரி, சனி

மூவாயிரம் பேரில் கறுப்பாடு யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு நாளாக இதே யோசனை. இன்றைக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தபோது பளிச்சென்று பட்டது.

எங்கள் பக்கம் மாந்தி என்கிற உபகிரகத்தைப் போடாமல் கட்டம் எழுதமாட்டார்கள். ஆனால் எல்லோர் கண்ணும் செவ்வாய் எங்கே, ராகு கேது எங்கே என்றுதான் ஓடும். மாந்தி எந்த வீட்டில் இருக்கிறது என்று நின்று பார்ப்பவர் அபூர்வம். ஆகவே, இல்லாத ஒரு பெண்ணை உண்டாக்கினேன். பெயர் அமிர்தகலா. வயது இருபத்தேழு, மறுமணம், வங்கி வேலை. போட்டோ, பொருத்தம் பார்த்த பிறகு தரப்படும். முதலில் கட்டத்தைக் கணக்குப்படி சரியாகப் போட்டேன், மாந்தி கும்பத்தில் வந்தது. அதை என் போனில் எனக்கு நானே அனுப்பி வைத்துக்கொண்டேன், எப்போதும் அப்படித்தான் அசலை வைத்துக்கொள்வேன். பிறகு மூன்று நகல். நெல்லைக் குழுவுக்கு மாந்தி மேஷத்தில். தூத்துக்குடிக்குச் சிம்மத்தில். வெளியூருக்குத் தனுசில். எந்த நகல் வெளியே சுற்றுகிறதோ, அந்தக் குழுவில் திருடன்.

தொடர்புக்கு இவருடைய இரண்டாவது நம்பரைக் கொடுத்தேன்.

"ஏட்டீ, இல்லாத புள்ளைக்கு என்னைய அப்பனாக்கிட்டியே!"

"பேசாம இரிங்க. கூப்புடுதவங்ககிட்ட, ஒங்களுக்கு வந்த நகல அனுப்புங்க, சரிபாக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

14 பிப்ரவரி, புதன்

நாலு நாளில் முப்பத்தாறு அழைப்பு. நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். மஸ்கட், புனே, சிங்கப்பூர், சூரத். அந்தமானிலிருந்து ஒருவர், கப்பல் வேலை. நான் நெல்லைக் குழுவில் போட்டது சூரத்துக்கு எப்படிப் போச்சு? மச்சினி குழு, அவள் வேலை பார்க்கும் மில் குழு, மில் மேனேஜரின் கோயில் குழு. எல்லோரும் நல்லது செய்வதாக நினைத்துத்தான் தள்ளிவிட்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தானே.

மஸ்கட்காரர் பத்துப் பொருத்தம் பார்த்து எட்டு பொருந்துகிறது என்று வெள்ளிக்கிழமையே வரட்டுமா என்கிறார். இதைவிட அதிசயம், கடையநல்லூர் அம்மா ஒருத்தி. "அமிர்தகலாதான? தெரியுமே! தங்கமான புள்ள. எங்க வீட்டு விசேசத்துக்கு வந்துருக்கா. சத்தமே இருக்காது" என்று இவரிடமே சொன்னாள். பெற்ற அப்பாவிடமே சொல்கிறாள்! இவர் போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறக்காத பிள்ளைக்கே இத்தனை ஊரில் ஆள் தெரிந்துவிட்டது. பிறந்த பிள்ளை எங்கே போய் ஒளிவாள்?

சாயங்காலம் செல்வியிடமிருந்து ஒரு செய்தி. "அறை மாத்திட்டேன் பெரியம்மா. ஆனா டூட்டி நேரம் அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

19 பிப்ரவரி, திங்கள்

வந்த நகல்களை உட்கார்ந்து பிரித்தேன். மொத்தம் நாற்பத்தொன்று. மேஷத்தில் பதினெட்டு. சிம்மத்தில் பதினாலு. தனுசில் எட்டு.

ஒன்றில் மாந்தி கும்பத்தில் இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கும்பம்தான். சிவகாசிக்காரர் அனுப்பியது. இவரை விட்டுக் கூப்பிடச் சொன்னேன். "ஒரு ஜாதக மையத்துல இருந்து கட்டா வந்துச்சுங்க, அதுல இருந்துச்சு" என்றார் அவர். ஜாதக மையம்!

கும்பத்தை நான் எந்தக் குழுவுக்கும் அனுப்பவில்லை. இவருக்குக்கூடக் காட்டவில்லை. அது என் போனில், நான் எனக்கு அனுப்பிய இடத்தில் மட்டும்தான் இருந்தது.

போனைக் கையில் வைத்துக்கொள்ளவே பயமாக இருந்தது. அரிசி டப்பா மேல் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

20 பிப்ரவரி, செவ்வாய்

செல்வியை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். என் மாந்திக் கணக்கைக் கேட்டு, இத்தனை நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். "ஒங்களப் போலீஸ்ல எடுத்துருக்கணும், பெரியம்மா." பிறகு போனை வாங்கி வாட்ஸ்அப்பில் எங்கேயோ போனாள். அப்படி ஓர் இடம் இருப்பதே எனக்குத் தெரியாது. என் கணக்கு வேறு எந்தெந்தக் கருவியில் திறந்து கிடக்கிறது என்று அங்கே எழுதியிருக்குமாம். ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கடைசியாகப் பயன்படுத்தியது, இன்று காலை 9:40.

"காலைல ஒம்போது நாப்பதுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"அடுக்களையில அவரைக்கா நறுக்கிக்கிட்டு இருந்தேன்."

"அப்ப ஒங்க வாட்ஸ்அப்ப யாரு படிச்சா?"

பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. தங்கமான பையன் என்று இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன்.

நான் உடனே அழித்துவிடு என்றேன். அவள் என் கையைத் தடுத்தாள். முதலில் அந்தப் பக்கத்தை வேறு போனில் படம் எடுத்தாள், நேரத்தோடு. போலீஸுக்குக் காட்ட வேண்டுமாம். அந்தக் கலவரத்திலும் அவளுக்கு இருந்த நிதானத்தைப் பார்த்துப் பிரமித்துப்போனேன். பயத்தோடேயே வாழ்ந்து பழகியவளுக்குத்தான் இது வரும்.

22 பிப்ரவரி, வியாழன்

போலீஸோடு முத்தாரம் ஜெராக்ஸுக்குப் போனோம். பெண் எஸ்.ஐ. ஒருவர் கம்ப்யூட்டரைத் திறக்கச் சொன்னார்.

அடி ஆத்தி. நான் என்னத்தைச் சொல்ல. என் வீடு முழுக்க அந்தத் திரையில் கிடந்தது. இவருடைய சிறுநீர்ப் பரிசோதனை ரிப்போர்ட். பெங்களூரில் இருக்கும் மகளோடு தீபாவளிக்கு நான் போட்ட சண்டை, அவள் என்னைச் சொன்ன வார்த்தை, நான் திருப்பிச் சொன்ன வார்த்தை. வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பருக்கு அனுப்பிய படம், கொடியில் என் உள்பாவாடையோடு. இரண்டு மாதத்துக்கு மேலாக இவன் கல்லாவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்திருக்கிறான். போன வாரம் என்னிடம், "சார் உடம்பு எப்படி இருக்கு அக்கா?" என்று கேட்டானே, எவ்வளவு அன்பு என்று நினைத்தேன்.

மறுமணம் என்று தனியாக ஒரு கோப்புறை. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள். எல்லாம் என் கையெழுத்துப் படிவம். எஸ்.ஐ. கீழே தள்ளத் தள்ள முகம் முகமாக வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் எங்கே தூங்குகிறாள், எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாள். இவ்வளவையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்தது பால்துரை இல்லை. நான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அள்ளிக்கொண்டான், அவ்வளவுதான்.

"நான் திருடலையே, அக்கா. நீங்கதான போனக் கையில தந்தீங்க? ஜாதகம்னா நாலு பேருக்குப் போய்ச் சேரத்தான செய்யணும்? கேட்டவங்களுக்குக் கட்டுக்கு இவ்வளவுன்னு வாங்கிக்கிட்டு அனுப்பினேன்."

செருப்பைக் கழற்றிவிட்டேன். செல்வி கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "இந்தக் கட்டு எத்தன பேருக்குப் போச்சு?"

அவன் தலையைச் சொறிந்தான். "எண்ணல."

24 பிப்ரவரி, சனி

கோவில்பட்டிக்குப் போனேன். சண்முகத்தாய் வாங்க என்று சொல்லி, காப்பி போட்டுக் கொடுத்தாள். அதுதான் தாங்கவில்லை. நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

"ஒம்மேல பழியப் போட்டுட்டேன், தாயி. எம்மேலதான் தப்பு" என்றேன்.

"விடுங்கக்கா. நான் அன்னைக்கே மாட்டேன்னு எந்திரிச்சு வந்திருக்கணும். நீங்க அம்புட்டுப் பேருக்குக் கல்யாணம் பண்ணி வச்சவுக, ஒங்களுக்குத் தெரியாததான்னு நெனச்சேன்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான் ஓடியது. ஜனவரி 29ஆம் தேதி எழுதியது பொய். சண்முகத்தாய் தானாக எதையும் சொல்லவில்லை. ஹாஸ்டல் வேண்டாமே அக்கா, ஊர் மட்டும் போடுங்களேன் என்று மூன்று தடவை கேட்டாள். முகவரி இல்லாத ஜாதகத்தை நான் தொடமாட்டேன் என்று மூன்று தடவையும் நான்தான் மறுத்தேன். நுணலும் தன் வாயால் கெடும். இங்கே கெட்டது நுணல்கூட இல்லை, வேறு யாரோ.

2 மார்ச், சனி

மூன்று குழுவையும் மூடினேன். ஏன் என்று எழுதிப் போட்டுவிட்டுத்தான் மூடினேன். திட்டினவர்கள் நூறு பேர். "அக்காவுக்குத் தலைக்கனம்" என்று ஒருத்தி.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் கூப்பிடுவது என்று முடிவு. நானும் செல்வியும் பாதிப் பாதி. இன்றைக்கு இருபத்திரண்டு பேர். "ஒன் ஜாதகம் வேற ஆள் கையில போயிருக்கும்மா, என் தப்பு" என்று சொல்லித் தொடங்க ஒவ்வொரு தடவையும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தென்காசிப் பெண் ஒருத்தி, கேட்டுவிட்டு, "அதான் ரெண்டு மாசமா தெரியாத ஆளுகளா கூப்பிடுதாங்களா" என்றாள். அழக்கூட இல்லை. அவளுக்கு விடை கிடைத்தது, நான் அடுத்த நம்பரைப் போட்டேன்.

குழுவை மூடலாம். போன தாள்களை யார் திருப்பிக் கூப்பிடுவது? அமிர்தகலாவுக்கு இன்றைக்குச் சாயங்காலம்கூட மலேசியாவிலிருந்து ஒரு வரன் வந்தது. பொய் என்று நானே மூன்று குழுவிலும் எழுதிப் போட்ட பிறகும் அவள் நின்றபாடில்லை, எங்கேயோ போய்க்கொண்டே இருக்கிறாள்.

9 மார்ச், சனி

அவன் மறுபடியும் டீக்கடையில் நின்றிருக்கிறான். செல்வி போன் செய்ய, போலீஸ் வந்தது. "ரோடு பொது, சார். டீ குடிக்க வந்தேன்" என்றிருக்கிறான். கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இந்தத் தடவை வழக்குப் போட்டாகிவிட்டது. ஆனால் எத்தனை நாள்?

செல்வி சொன்னாள், "நான் கெளம்புதேன், பெரியம்மா."

17 மார்ச், ஞாயிறு

பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தேன். எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கும் கட்டிக் கொடுத்தேன். ஒரு பை, ஒரு பெட்டி. புது நம்பர். வேலை கிடைத்த இடம் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லையாம், அவர்களை யாராவது மிரட்டிக் கேட்டால் சொல்லாமல் இருக்கத் தெரியாது, தெரியாமலே இருக்கட்டும் என்றாள். வாரம் ஒரு தடவை அவளே கூப்பிடுவாளாம்.

"நீங்க இங்கயே நின்னுக்கிடுங்க, பெரியம்மா. எந்த பஸ்ஸுன்னு பாக்க வேண்டாம்."

சரி என்றேன். கோபம் வரவில்லை. இந்தப் பெண்ணுக்கு என்மேல் எதற்கு நம்பிக்கை வர வேண்டும்? ஆனால் போவதற்கு முன்னால் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஒங்க மாந்தி இல்லைன்னா இது எங்க இருந்து போச்சுன்னே தெரிஞ்சிருக்காது" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. அங்கேயே நின்று அழுதேன், பழக்கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரும்பித்தான் நின்றேன். ஆனால் கண்டக்டர்கள் ஊர் பேரைச் சொல்லிக் கூவுவதைக் காது எப்படி மூடும்? ஒரு ஊர் பேர் கேட்டது. கேட்டதும் அவள் செருப்புச் சத்தம் அந்தப் பக்கம் ஓடியது. பஸ் கிளம்பும் சத்தம் கேட்கும் வரையில் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்தபோது, அவள் நின்ற இடத்தில் வேறு யாரோ குடும்பத்தோடு உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு முழு ஆள், ஒரு சுவடு இல்லை. கோயிலில் சன்னதி திறக்கும்போதுகூட எனக்கு அப்படி மெய்சிலிர்த்ததில்லை.

"எந்த ஊருக்குப் போறா?" என்று இவர் கேட்டார். "எனக்கென்ன தெரியும்?" என்றேன்.

4 ஏப்ரல், வியாழன்

மோர்மிளகாய் காயப்போட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டில் கடைசி ஆளையும் கூப்பிட்டு முடித்தாகிவிட்டது.

பதினொரு மணிக்கு ஒரு போன். பெண் குரல். தேனாக இருந்தது.

"ஆவுடையக்காவா? ஒங்களப் பத்திக் கேள்விப்படாத ஆளே கெடையாது, அக்கா. அறுபத்தி மூணு கல்யாணம்லா! என் தம்பிக்கு மறுமணம் பாக்கோம். தங்கமான பையன், ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. மாரிச்செல்வின்னு ஒரு நர்ஸ் புள்ள ஜாதகம் பாத்தோம், பொருத்தம் அப்பிடி வந்துருக்கு. இப்ப அந்தப் புள்ள வேற ஊருக்குப் போயிட்டாளாமே? எந்த ஊரு, அக்கா?"

"யாரு சொன்னா ஒங்களுக்கு?"

"பேச்சு வாக்குல கேள்விப்பட்டதுதான். ஒங்களுக்குத் தெரியாத பொண்ணா? திருநவேலிச் சீமையில ஆவுடையக்காவுக்குத் தெரியாத ஜாதகமே இல்லைன்னுல்லா சொல்லுதாவ!"

ஆறு வருஷமாக இந்த வார்த்தையைக் கேட்கத்தான் காலை ஆறு மணிக்குப் போனை எடுத்தேன். பொய் சொல்லக் கூடாது, அந்த ஊர்ப் பெயர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"தெரியாதும்மா" என்றேன்.

"என்னக்கா இப்பிடிச் சொல்லுதீங்க? ஒங்களுக்கே தெரியாதா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது, தாயி. நான் சும்மா வீட்டுல இருக்குதவ."

அந்தப் பக்கம் பின்னால் ஒரு ஆண் குரல் ஏதோ கேட்டது. போனை வைத்துவிட்டார்கள். நம்பரைக் குறித்து எஸ்.ஐ.க்கு அனுப்பினேன்.

முப்பது வருஷமாக நடந்ததை எல்லாம் இந்த நோட்டில் எழுதுகிறேன். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை.